பத்து மீன்களும் ஒரு பொய்யும்



இறந்தோருக்காக மன்றாடும் நவம்பர் மாதம் நிறைவடைகிறது. வரும் ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. வழக்கமாக இந்நாள்களில் அக்காலத்தைப் பற்றிய ஒரு சிந்தனையை இங்கே எழுதுவேன். இம்முறை ஒரு மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

பங்கு இல்லத்தின் வரவேற்பறையில், யன்னலுக்கு எதிர்ச் சுவரோடு வைத்திருக்கும் அந்தச் சிறிய தொட்டியை உங்களுள் பலர் கண்டிருக்கிறீர்கள். "சுவாமி, நீங்களும் மீன் வளர்க்க வெளிக்கிட்டியளோ?" என்று கேட்டுச் சிரித்த அம்மாமாரும் உண்டு. அந்தச் சிரிப்பின் காரணம் எனக்கு விளங்கும். நான் பாசையூரில் பிறந்தவன். என் தந்தையும் அவருடைய தந்தையும் கடலுக்குப் போனவர்கள். விளை, பாரை, ஒட்டி, திரளி, சூடை என்று மீன்களை அவற்றின் சுவையால் அடையாளம் சொல்லக் கற்றுக்கொண்ட வீடு எங்களுடையது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று கிணற்றில் விடப்பட்ட சில சிறு மீன்களைத் தவிர, உயிரோடு வைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு மீனை நாங்கள் ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மீனைப் பிடிக்கத் தெரிந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, மீனை வாழவைக்கத் தெரியாது என்பதை அறுபது வயதைக் கடந்த பிறகுதான் கண்டுகொண்டேன்.

இது சென்ற ஆண்டு நடந்தது. இதில் வரும் சிறுவனின் பெயரை நான் எழுதவில்லை. அவனும் அவனுடைய பெற்றோரும் இதை எழுதுவதற்கு இசைவு தந்திருக்கிறார்கள். எழுதியதை முதலில் அவனுக்கே வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினான்.

வேறு நகருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தினர், 60 லீற்றர் கொள்ளும் தங்கள் கண்ணாடித் தொட்டியைப் பங்கு இல்லத்தில் விட்டுச் சென்றார்கள். அது ஒரு கோடைகாலம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. ஒக்டோபர் மாதத்தின் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின்னர், பத்து வயதான அச்சிறுவன் ஒரு பிளாஸ்ரிக் பையை இரு கைகளாலும் ஏந்தியபடி வந்தான். அதற்குள் நீர், நீருக்குள் ஐந்து சிறிய சிவந்த மீன்கள். "ஃபாதர், இது செரி பார்ப். சிறிலங்கா மீன். உங்களை மாதிரி," என்றான். லெவன் பிளஸ் சோதினை முடிந்ததற்கு நன்றியாக, தன் சேமிப்பிலிருந்து வாங்கியிருந்தான்.

அவன் சொன்னது உண்மை. செரி பார்ப் எனப்படும் அந்த மீன் இலங்கைக்கு மட்டுமே உரியது. தென்மேற்கின் மழைக்காட்டுப் பகுதிகளில், மரநிழல் படிந்த ஆழமற்ற ஓடைகளில் வாழ்வது. 1929 இல் பி. ஈ. பி. தெரணியகல அதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இன்று கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் பண்ணைகளில் பெருக்கப்பட்டவை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறு ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான், என் நாட்டின் அந்த மீனை முதன்முதலாக இலண்டனில்தான் கண்டேன்.

அன்றே தொட்டியைக் கழுவினேன். கடையில் வாங்கிய சிறுகற்களைப் பரப்பினேன். குழாய்நீரை நிரப்பினேன். வெப்பமூட்டியையும் வடிகட்டியையும் பொருத்தினேன். நீர் தெளிவாக இருந்தது. பையை அவிழ்த்து மீன்களை விட்டோம். சிறுவன் கைதட்டினான். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அடுத்த நாள்களில் பங்கு இல்லத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மீன்களுக்கு உணவு இட்டார்கள். திருமண ஆயத்தத்துக்கு வந்த இளையோர் ஒரு சிட்டிகை; செபமாலைக் குழுவினர் ஒரு சிட்டிகை; எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா ஒரு பெரிய சிட்டிகை. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாத இனம் அல்லவா நாங்கள். நானும் காலையும் மாலையும் தவறாமல் இட்டேன். நான்காம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று எண்ணி இன்னும் கொஞ்சம் உணவு இட்டேன். புதன்கிழமை ஒன்று இறந்தது. வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஐந்தும் இறந்துவிட்டன.

அவற்றைக் காகிதத்தில் சுற்றிக் குப்பை வாளியில் இட்டேன். சனிக்கிழமை காலை பேருந்தில் ஏறிப்போய், அதே அளவில், அதே நிறத்தில் ஐந்து மீன்களை வாங்கி வந்தேன். நீரை மாற்றிவிட்டு அவற்றை விட்டேன். ஞாயிறு அவன் வருவான். அவனுடைய மனம் நோகக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவன் வந்தான். தொட்டியின் முன்னே முழந்தாளிட்டு நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "ஃபாதர், வால் நுனி கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்த மீன் எங்க?"

"கல்லுக்குப் பின்னால ஒளிச்சிருக்குது, தம்பி," என்றேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் ஒப்புரவு அருட்சாதனத்தில் மற்றவர்களின் பொய்களைக் கேட்டு அறிவுரை கூறிவரும் நான், ஒரு சிறுவனிடம் தடுமாற்றமின்றி அந்தப் பொய்யைச் சொன்னேன். அவன் மேலும் சற்று நேரம் கல்லின் பின்புறத்தை எட்டிப் பார்த்தான். பிறகு எதுவும் சொல்லாமல் எழுந்து போனான்.

அந்த ஐந்து மீன்களும் அடுத்த வாரத்துக்குள் இறந்துபோயின. ஆறாவது முறையாகக் காகிதத்தில் சுற்றிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே, மூன்றாம் முறை கடைக்குப் போகும் துணிவு எனக்கு இல்லாமல் போயிற்று. ஞாயிறு அவனையும் அவனுடைய அன்னையையும் வரவேற்பறையில் அமரச்செய்து உண்மையைச் சொன்னேன். முதல் ஐந்தும் இறந்தன, இரண்டாம் ஐந்தும் இறந்தன, கல்லுக்குப் பின்னால் எதுவும் இருக்கவில்லை, நான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றேன்.

அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "எனக்குத் தெரியும், ஃபாதர்," என்றான். சற்றுப் பொறுத்து, தாயைப் பார்க்காமல், "அப்பப்பா செத்ததையும் எனக்கு லேற்றாத்தான் சொன்னவை," என்றான்.

அன்பானவர்களே, இந்த இடத்தில் நான் உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவனுடைய அப்பப்பா குருநகரில் இருந்தவர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தின் தொடக்கத்தில் இறைவனடி சேர்ந்தார். செய்தி வந்த இரவு அவனுடைய தந்தை என்னை அழைத்தார். "ஃபாதர், பெடியனுக்கு செப்ரெம்பரில சோதினை. இப்ப சொல்லுறதோ, பிறகு சொல்லுறதோ?" என்று கேட்டார். "சோதினை முடியட்டும், பிறகு சொல்லுங்கோ. பிள்ளை குழம்பிப் போவான்," என்று சொன்னவன் நான். 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியையும் நானே ஒப்புக்கொடுத்தேன். அவன் டியூசனில் இருக்கும் நேரமாகப் பார்த்து அந்நேரத்தைக் குறித்தோம். ஆறு வாரங்கள் கழித்து, சோதினை முடிந்த மாலையில்தான் அவனுக்குச் சொல்லப்பட்டது.

அதையும் அன்று அவனிடம் சொன்னேன். "மறைக்கச் சொன்னது நானும்தான், தம்பி."

அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நான் சனிக்கிழமையில அப்பப்பாவோட வட்ஸ்அப்பில கதைக்கிறனான். அவருக்குச் சுகமில்லை, இப்ப கதைக்க ஏலாது எண்டு சொன்னவை. அதால நான் வொய்ஸ் மெசேஜ் அனுப்பினனான். ஒவ்வொரு கிழமையும். அவர் ஒண்டும் கேக்கேல்லை."

அவனுடைய அன்னை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். எனக்கும் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அந்த அறையில் வடிகட்டியின் ஓசை மட்டும் கேட்டது; மீனில்லாத தொட்டியில் அது தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன்தான் முதலில் பேசினான். "திரும்ப மீன் விடலாம், ஃபாதர். ஆனா இப்ப இல்லை. முதல் ஏன் செத்தது எண்டு பாப்பம்."

அடுத்த வாரம் நகர நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்து வந்தான். அவன் ஆங்கிலத்தில் வாசிக்க, நான் கேட்டேன். அன்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களுள் பல பெற்றோருக்கு உதவும்.

மீன் தன் செவுள்கள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணப்படாமல் அழுகும் உணவும் அமோனியாவாகிறது. அது மீனுக்கு நஞ்சு, செவுள்களை எரித்துவிடும். அதனால்தான் அவை மேற்பரப்புக்கு வந்து மூச்சுக்குத் தவித்தன. பசி என்று எண்ணி நான் இட்ட ஒவ்வொரு சிட்டிகையும் நஞ்சைக் கூட்டியது. ஓடையிலும் குளத்திலும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்று என்னும் பொருளாகவும், வேறு சில பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான், மீனின் குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இறுதியில் வரும் நைத்திரேற்று, அளவோடு இருந்தால் பெரிதும் தீங்கற்றது; செடிகள் அதனை உணவாக்கிக்கொள்ளும். புதிய தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. அவை வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டிப் பெருகுவதற்கு ஐந்தாறு வாரங்கள் செல்லும். என் தொட்டியின் நீர் தெளிவாக இருந்தது. ஆனால் ஆயத்தமாக இருக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நான் நினைத்துவிட்டேன்.

இலண்டன் நீருக்கென்று இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் எல்லோரும் கேத்திலின் அடியில் காணும் வெள்ளைப் படிவு. சுண்ணக்கற் பாறைகளோடு உறவாடி வரும் நீர் என்பதால் அது கடினமானது, காரத்தன்மை உள்ளது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதுதானே; எங்கள் அம்மாமார் அங்கே சுரண்டிய அதே படிவைத்தான் இங்கே நாம் சுரண்டுகிறோம். காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நஞ்சும் கூடுகிறது. மற்றையது, கிருமி நீக்குவதற்காகச் சேர்க்கப்படும் பொருள். குளோரீன் மட்டும் என்றால் வாளியில் ஓரிரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். இலண்டனின் பெரும் பகுதிக்கு வரும் நீரில் இருப்பது குளோரீனையும் அமோனியாவையும் சேர்த்து உருவாக்கும் குளோரமீன். அது ஓரிரவில் போகாது. நம் வேண்டிய பற்றீரியாக்களையும் அது கொன்றுவிடும். கடைகளில் கிடைக்கும் நீர் பதப்படுத்தும் மருந்தில் சில துளிகளை, போத்தலில் எழுதியுள்ள அளவுப்படி, தொட்டிக்குள் ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரிலும் சேர்க்க வேண்டும்.

அந்த நூலில் ஒரு பெயரைக் கண்டோம். நான் பின்னர் தேடி வாசித்தேன். ரொபர்ட் வோரிங்ரன் என்னும் இரசாயனவியலாளர், நம் இலண்டனில், பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் உள்ள மருந்தாளர் சங்க மண்டபத்தில் பணிபுரிந்தவர். கருநிற மேலங்கி அணிந்த தொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்ததால்தான் அந்த இடத்துக்கே அப்பெயர். அம்மண்டபமும் அம்மடத்து நிலத்திலேயே நிற்கிறது. 1849 இல் அவர் 12 கலன் கொள்ளும் ஒரு தொட்டியில் இரண்டு சிறிய பொன்மீன்களையும் வல்லிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடும் காபனீரொட்சைட்டைச் செடி எடுக்கும், செடி தரும் ஒட்சிசனை மீன் எடுக்கும், நீரை மாற்றத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகின. அவருடைய நீரும் கெடத் தொடங்கியது. அவர் குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகியதைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850 இல் இலண்டன் இரசாயனவியற் சங்கத்தில் இதனை அறிவித்தார். மூன்று ஆண்டுகளில், 1853 இல், றீஜன்ற்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிச்சாலையில் உலகின் முதலாவது பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854 இல் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலின் வழியாக அக்குவாரியம் என்ற சொல்லும் பரவியது. இன்று உலகெங்கும் வீடுகளில் ஒளிரும் தொட்டிகளின் வரலாற்றில் நம் நகருக்கு இவ்வளவு பெரிய பங்கு உண்டு என்பதை, இங்கே இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நான் அறிந்திருக்கவில்லை.

என்னை மிகவும் தொட்டது அதன் பின்கதை. வோரிங்ரன் 1867 இல் இறந்தார். தன் தொட்டியில் நடந்தவற்றுள் ஒரு பாதியை மட்டுமே அவர் அறிந்திருந்தார். அமோனியாவை மாற்றுபவை உயிருள்ளவை என்பதை 1877 இல் பிரான்சில் இரு அறிஞர்கள் காட்டினார்கள். அது இரு படிகளில், இரு வேறு உயிரிகளால் நடக்கிறது என்பதை, இலண்டனுக்கு வடக்கே ரொதம்ஸ்ரெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டவர் இன்னொரு ரொபர்ட் வோரிங்ரன். அவர் முதலாமவரின் மகன். அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க அவராலும் முடியவில்லை. 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அதனைச் செய்தார். மகன் ஆராய்ந்தது வயல் மண்ணை. ஆனால் தந்தையின் கண்ணாடித் தொட்டியின் அடியில் ஓசையின்றி நடந்துகொண்டிருந்த வேலையையே அவர் விளக்கினார். இதைச் சிறுவனுக்குச் சொன்னபோது, "அவற்ற அப்பாவுக்குத் தெரியாமலே போச்சு," என்றான். ஆம் என்றேன். "ஆனா தண்ணி வேலை செய்ததுதானே," என்றான்.

நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கினோம். கற்களைக் கழுவித் திரும்ப இட்டோம். வல்லிஸ்நேரியாவையும் ஜாவா ஃபேர்னையும் நட்டோம். பதப்படுத்திய நீரை நிரப்பி, வெப்பத்தை 25 பாகையில் வைத்தோம். மீன் இல்லாத தொட்டிக்கு, மீன் தொட்டிகளுக்கென்றே விற்கப்படும் அமோனியாக் கரைசலை ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் சேர்த்தோம். பற்றீரியாக்களுக்கு உணவு வேண்டுமல்லவா. சோதனைக் குழாயில் நீரை எடுத்து, துளிகளை விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, அவன் ஒரு கொப்பியில் குறித்து வந்தான். ஞாயிறும் புதனும் அவன். மற்ற நாள்களில் நான்.

முதலிரு வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. அமோனியாவைக் காட்டும் பச்சை நிறம் அப்படியே நின்றது. பங்கு இல்லத்துக்கு வந்தவர்கள், "சுவாமி, ஏன் வெறுந்தண்ணியை வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்றார்கள். "மீன் இல்லாட்டில் லைற்றையாவது நிப்பாட்டுங்கோ, கறன்ற் காசு," என்றார் நிதிக்குழுவைச் சேர்ந்த ஒருவர். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். முதல் மீன்கள் எப்படி இறந்தன, நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது கூசியது. ஐந்தாவது தடவை கூசவில்லை.

மூன்றாம் வாரம் அமோனியா குறைந்தது. நைத்திரைற்றின் ஊதா நிறம் எழுந்தது. பொறுமையிழக்கச் செய்யும் கட்டம் அதுதான். பத்து நாள்கள் அது இறங்கவே இல்லை. ஒரு புதன்கிழமை அவன் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி கேட்டான்: "ஃபாதர், அப்பப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தவரோ, வீட்டையோ?" வீட்டில் என்றேன். எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். யார் அருகில் இருந்தார்கள், எந்தக் குரு நோயிற்பூசுதல் கொடுத்தார், நல்லடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டான். தெரியாதவற்றைத் தெரியாது என்றேன். அன்றிரவு அவனுடைய தந்தையை அழைத்தேன். அடுத்த புதன்கிழமை தந்தையும் வந்தார். தன் கைப்பேசியில் இருந்த இறுதிச் சடங்கின் ஒளிப்பதிவை, அந்தத் தொட்டியின் அருகே அமர்ந்து மகனுக்குக் காட்டினார். இருவரும் அழுதார்கள். நான் தேநீர் போடுவதற்காகக் குசினிக்குப் போய்விட்டேன். கேத்தில் கொதித்த பின்னரும் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

ஆறாம் வாரத்தின் முடிவில், அமோனியாவை விட்ட மறுநாளே அதுவும் இல்லை, நைத்திரைற்றும் இல்லை என்று துளிகள் காட்டின. நைத்திரேற்று மட்டும் நின்றது. நீரில் பெரும் பகுதியை மாற்றி அதனைக் குறைத்தோம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். பத்து மீன்கள் வாங்கவா என்று கேட்டேன். இறந்தவை பத்து என்பது என் மனத்தில் இருந்தது. அவன் தலையசைத்தான். "ஆறு போதும். இது அதுகளுக்குப் பதிலா இல்லை, ஃபாதர். இது வேற மீன்."

அன்று நான் இத்தொட்டியிலிருந்து கற்ற முழுப் பாடமும் அந்தச் சொற்களில் இருந்தது. முதல் ஐந்து இறந்தபோது நான் வெற்றிடத்தை நிரப்ப ஓடினேன். இழப்பை மறைக்க வேண்டும் என்பதே என் நோக்கம். அதே நீரில், அதே நஞ்சில் இன்னும் ஐந்து உயிர்களை இட்டேன். இழப்பைச் சொல்லி, காரணத்தைத் தேடி, வெறும் நீரோடு ஆறு வாரங்கள் இருந்த பிறகு வந்தவை வாழ்ந்தன. பிள்ளையிடம் நாங்கள் மறைத்ததும் ஆறு வாரங்கள்தாம்.

பையைத் தொட்டியின் நீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டோம். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்தோம். கடை நீரை ஊற்றாமல் சிறு வலையால் மீன்களை மட்டும் எடுத்து விட்டோம். வலையைப் பிடித்தவன் அவன். பாசையூரில் என் தந்தை வலையிலிருந்து மீனை உதறி எடுப்பதைப் பார்த்த கண்களால், ஒரு பிள்ளை வலையிலிருந்து மீனை நீருக்குள் நழுவ விடுவதைப் பார்த்தேன். விளக்கை அணைத்தோம். அன்று உணவு இடவில்லை. இப்போது உணவு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு மட்டும். தொட்டியின் மேலே 'தயவுசெய்து மீன்களுக்கு உணவு இடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருப்பது உங்களைப் புண்படுத்துவதற்கு அல்ல. அதற்கு இரண்டு தடவை இறந்த மீன்கள் சாட்சி.

வாரம் ஒரு முறை நீரில் கால் பங்கை மாற்றுகிறோம். வடிகட்டியின் பஞ்சைக் குழாயில் கழுவுவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் மெல்ல அலசுகிறோம். குழாயில் கழுவினால், ஆறு வாரம் வளர்த்ததை ஒரு நிமிடத்தில் கொன்றுவிடுவோம்.

மே மாதத்தில் ஒரு மீன் இறந்தது. வயதோ நோயோ அறியேன். நீர் நன்றாகவே இருந்தது. அன்று மாலையே சிறுவனை அழைத்துச் சொன்னேன். "எப்ப?" என்று கேட்டான். "மத்தியானம் கண்டனான்," என்றேன். "சரி, ஃபாதர். நான் ஞாயிறு வரும்வரைக்கும் எறிஞ்சு போடாதேங்கோ," என்றான். காகிதத்தில் சுற்றிக் குளிரூட்டியில் வைத்தேன். ஞாயிறு திருப்பலிக்குப் பின்னர் தோட்டத்தில் ரோசாச் செடியின் அடியில் இருவரும் புதைத்தோம். அவன் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டான். நான் தடுக்கவில்லை.

இப்போது, இதை ஏன் இந்த வாரம் எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, கிறிஸ்து பிறப்புக்கு மீன் வேண்டும் என்று உங்கள் பிள்ளை கேட்டால், அன்று தொட்டியையும் செடிகளையும் கொடுங்கள். மீன்களைத் தவக்காலத்துக்கு முன்னர் பார்த்துக்கொள்ளலாம். வெறும் நீரைப் பரிசாகக் கொடுப்பதா என்று கேட்பீர்கள். கொடுங்கள், பிள்ளையோடு அமர்ந்து துளி விட்டு நிறம் பாருங்கள். அவசரமானால் என்னிடம் வாருங்கள். ஓராண்டு ஓடிய எங்கள் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தருவேன். அதை உங்கள் வடிகட்டியில் வைத்தால் காத்திருக்கும் நாள்கள் குறையும். இதுவரை மூன்று குடும்பங்கள் வாங்கிப் போயிருக்கின்றன.

இரண்டாவது, இது எனக்கே கடினமான சொல். ஊரிலிருந்து ஒரு மரணச் செய்தி வரும் இரவில் நீங்கள் இனி என்னை அழைத்து, பிள்ளைக்குச் சொல்வதோ என்று கேட்டால், நான் பழைய பதிலைச் சொல்ல மாட்டேன். நம்முள் பலர் இப்படித்தான் வளர்ந்தோம். போரும் பிரிவும் செய்திகளை மறைக்கப் பழக்கின. வயதானவர்களுக்கு மகனின் சாவை மறைத்தோம். பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பாட்டனின் சாவை மறைத்தோம். அன்பினால்தான் மறைத்தோம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கேட்க ஒருவரும் இல்லாத கைப்பேசிக்கு ஒரு பிள்ளை ஆறு சனிக்கிழமைகள் பேசியதை நான் அறிந்துவிட்டேன். அறிந்த பிறகு பழைய அறிவுரையைச் சொல்ல என் வாய் எழாது. சோதினைக்குப் படிக்கும் பிள்ளையால் அழவும் முடியும். நீங்கள் சொல்லத் தடுமாறினால் அழையுங்கள். நான் வீட்டுக்கு வருகிறேன், சேர்ந்து சொல்வோம்.

அந்த வொய்ஸ் மெசேஜ்கள் என்னவாயின என்று நீங்கள் கேட்கக்கூடும். ஊரிலிருந்த அவனுடைய மாமி, அப்பப்பாவின் கைப்பேசியை இன்னும் வைத்திருந்தார். தந்தை கேட்டுக்கொண்டதற்கிணங்க, இவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளன்று, கைப்பேசியைக் கல்லறைக்குக் கொண்டுபோய் அந்த ஆறு பதிவுகளையும் அங்கே ஒலிக்கச் செய்தார். இது திருவழிபாட்டு நூல் எதிலும் இல்லை. நானும் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று அவன் வந்து நீரைச் சோதித்தான். எல்லாம் சரியாக இருக்கிறது. ஐந்து மீன்கள். வல்லிஸ்நேரியா நீளமாக வளர்ந்து மேற்பரப்பில் படர்கிறது. அடுத்த ஞாயிறு திருவருகைக் கால முதல் மெழுகுதிரியை ஏற்றுபவனும் அவனே. திருப்பலி காலை பத்து மணிக்கு. தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை